தெரிந்த ஒயினிலிருந்து தெரியாத ஒயினுக்கு: அரிய திராட்சை ரகங்களைத் தேடிச் சுவைக்க முழுமையான வழிகாட்டி

ஒயின் குடிப்பவர்களில் பெரும்பாலோர் ஏழெட்டுப் பெயர்களுக்குள்ளேயே சுற்றி வருகிறார்கள். சிவப்பு என்றால் கபர்னே சொவின்யோன், மெர்லோ, பினோ நுவார், ஷிராஸ். வெள்ளை என்றால் ஷார்டனே, சொவின்யோன் பிளாங், ரீஸ்லிங். எல்லாமே நல்ல திராட்சைகள்தான். ஆனால் உலகில் விற்பனைக்கு ஒயின் தருகிற ரகங்கள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. பன்னாட்டுத் திராட்சை, ஒயின் அமைப்பு 2017-இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகத் திராட்சைத் தோட்டங்களின் மொத்தப் பரப்பில் பாதியை 33 ரகங்களே பிடித்துக்கொண்டிருக்கின்றன.

மீதி ரகங்கள் தரம் குறைந்தவை என்பதால் ஒதுங்கிப் போகவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலொக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. மறுபடி நடும்போது, நிறையக் காய்க்கிற, சுலபமாக விலை போகிற ரகங்களுக்கே பலர் மாறினார்கள். தாமதமாகப் பழுக்கிறவை, ஒரு வருடம் காய்த்து மறு வருடம் ஏமாற்றுகிறவை எல்லாம் ஓரத்துக்குப் போயின. அப்படி அழிவின் விளிம்புக்குப் போன ரகங்களில் ஒன்று இத்தாலியின் பியெமொன்தே பகுதியைச் சேர்ந்த டிமொரஸ்ஸோ. 1980-களில் வால்டர் மாஸா என்ற விவசாயி பிடிவாதமாக அதைத் தனி ஒயினாகச் செய்யத் தொடங்கினார். இன்று தோர்தோனா குன்றுகளில் பலரும் அதைப் பயிரிடுகிறார்கள். இந்த மாதிரி ரகங்கள் நம் கிளாஸுக்கு வந்து சேர்வதே பெரிய விஷயம் என்பது என் எண்ணம். அவற்றை வாங்கிக் குடிக்க ஆள் இருந்தால்தான் நடுவதற்கும் ஆள் இருக்கும்.

பிரச்சினை எங்கே தொடங்குவது என்பதுதான். பெயரைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஒரு பாட்டிலை எடுத்தால் பாதி நேரம் பிடிக்காமல் போகும், அப்புறம் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவோம். நான் சொல்லும் வழி இதுதான்: வாசனையை நம்பிப் போகாதீர்கள். புளிப்பு, துவர்ப்பு, கனம் ஆகிய மூன்றையும் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த ஒயினிலிருந்து ஒவ்வோர் அடியாக நகருங்கள். ஒயின் பிடிப்பதும் பிடிக்காததும் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் தீர்மானமாகிறது. பழ வாசனைக்கு மனம் சீக்கிரம் பழகிவிடும். அளவுக்கு மீறிய துவர்ப்புக்கு அவ்வளவு சீக்கிரம் பழகாது.

படி 1: உங்கள் ஒயினின் எலும்புக்கூட்டைக் கண்டுபிடியுங்கள்

வழக்கமாகக் குடிக்கும் ஒயினையே ஒரு கிளாஸ் ஊற்றுங்கள். ஒரு வாய் எடுத்து, நாக்கெல்லாம் படும்படி சுழற்றி, விழுங்குங்கள் அல்லது துப்புங்கள். வாயைச் சற்றுத் திறந்து தலையைக் குனிந்து பாருங்கள். கன்னத்தின் இரு பக்கமும் எச்சில் குபுகுபுவென்று ஊறினால் புளிப்பு அதிகம். மெதுவாக ஊறினால் குறைவு. இனிப்பு இருக்கும் ஒயினில் புளிப்பு மறைந்து நிற்கும், ஆனால் எச்சில் ஊறுவதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்தது துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் என்ற பொருள் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் வாய் வறண்டாற்போல் ஆகிறது. நாக்கு நுனியால் மேல் ஈறைத் தடவிப் பாருங்கள். வழுக்கினால் துவர்ப்பு குறைவு, சொரசொரவென்று தட்டுப்பட்டால் அதிகம். வெள்ளை ஒயின் பெரும்பாலும் தோலைப் பிரித்த பிறகே நொதிக்கிறது, அதனால் அதில் துவர்ப்பு ஏறக்குறைய இருக்காது.

மூன்றாவது கனம். தண்ணீருக்கும் கொழுப்பு எடுக்காத பாலுக்கும் முழுப் பாலுக்கும் வாயில் தெரியும் வித்தியாசம் போன்றது அது. லேபிளில் உள்ள ஆல்கஹால் சதவீதம் நல்ல துப்பு: 12-க்குக் கீழே என்றால் அநேகமாக லேசானது, 14-ஐத் தாண்டினால் கனமானது.

இந்த மூன்றையும் ஒரு வரியில் எழுதிவையுங்கள். "புளிப்பு தூக்கல், துவர்ப்பு இல்லை, லேசு" என்ற அளவே போதும். இனி ஒவ்வொரு பாட்டிலையும் இந்த வரியோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள்.

படி 2: ஒரே ஓர் அடி தள்ளிப் போங்கள்

சொவின்யோன் பிளாங் பிடித்தவர்களுக்கு முதல் அடி ஆஸ்திரியாவின் க்ரூனர் வெல்ட்லினர். அதே சுறுசுறுப்பான புளிப்பு, அதே பச்சை வாசனைக் குடும்பம், கூடவே ஒரு மிளகுக் காரம். மிளகுக்கு அதன் மணத்தைத் தரும் ரோட்டண்டோன் என்ற சேர்மம் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. ஷிராஸில் வரும் மிளகு வாசனைக்கும் அதுதான் காரணம். அடுத்த அடி ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலீசியாவின் அல்பரின்யோ. அட்லாண்டிக் கடலோர ஈரத்தில் திராட்சை அழுகாமலிருக்க, கருங்கல் தூண்களின் மேல் பந்தல் போட்டுக் கொடியை உயரத்தில் வளர்க்கிறார்கள். எலுமிச்சையும் பீச் பழமும் கலந்த வாசனை, கடைசியில் லேசான உப்பு.

இந்தப் பாதையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் கிரேக்கத்தின் சான்டோரினி தீவில் விளையும் அசிர்டிகோ வரும். வெள்ளை ரகங்களில் என்னை அதிகம் அசத்தியது இதுதான். எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் நிறைந்த, களிமண்ணே இல்லாத மண். அதில் ஃபிலொக்ஸெரா பூச்சி பிழைக்க முடியாது, அதனால் கொடிகள் இன்றும், பூச்சியைத் தாங்கும் வேறு வேரில் ஒட்டுப் போடாமல், சொந்த வேரிலேயே நிற்கின்றன. தீவில் காற்று பலமாக அடிக்கும், மழை அரிது. விவசாயிகள் கொடியைத் தரையோடு தரையாக வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஒரு கூடை மாதிரி முடைகிறார்கள். குலைகள் கூடைக்கு உள்ளே தொங்கும். காற்று மேலே போய்விடும், இரவின் ஈரம் உள்ளே தங்கும். வெயில் இவ்வளவு கொளுத்தும் இடத்தில் விளையும் திராட்சையில் புளிப்பு மங்கிவிடும் என்றுதான் எதிர்பார்ப்போம். அசிர்டிகோவில் அது கூர்மையாக அப்படியே நிற்கும். சொவின்யோன் பிளாங்கிலிருந்து நேராக இதற்குத் தாவினால் கனமும் உப்பும் கொஞ்சம் திகைக்க வைக்கும். நடுவில் அல்பரின்யோவைக் குடித்துவிட்டு வந்தால் எல்லாம் பொருந்திப் போகும்.

ஷார்டனே பிடித்தவர்கள் ஸ்பெயினின் கொடேயோவில் தொடங்கலாம். வல்தெயோராஸ் பகுதியில் 1970-களில் ஏறக்குறைய மறைந்துபோய், பிறகு மீட்கப்பட்ட ரகம் இது. கனமும் வழவழப்பும் ஷார்டனேயை நினைவூட்டும், மரப்பீப்பாயில் வைத்தால் அதையும் தாங்கும். அப்புறம் பிரான்ஸின் லுவார் பள்ளத்தாக்கிலும் தென்னாப்பிரிக்காவிலும் விளையும் ஷெனின் பிளாங்குக்குப் போங்கள். ரீஸ்லிங்காரர்களுக்கு ஹங்கேரியின் ஃபுர்மின்ட். டோக்காய் பகுதியின் புகழ்பெற்ற இனிப்பு ஒயினின் முக்கியத் திராட்சை அதுதான், ஆனால் முதலில் இனிப்பில்லாத ஃபுர்மின்டைத் தேடுங்கள். அதன் புளிப்பு உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமானது.

வாசனைக்காகவே ஒயின் குடிப்பவர்களுக்கு அர்ஜென்டினாவின் டொரொன்டேஸ். முகர்ந்தால் மல்லிகையும் ரோஜாவும் ஒன்றாக வரும், இனிப்பாக இருக்கும் என்று தோன்றும். வாயில் வைத்தால் பெரும்பாலும் இனிப்பே இருக்காது.

சிவப்பில், பினோ நுவார் பிடித்தவர்களுக்குக் கமே. பிரான்ஸின் போஜொலே பகுதி முழுக்க இதுதான். 1395-இல் பர்கண்டியின் கோமகன் பிலிப் இந்தத் திராட்சையைத் தன் நிலத்திலிருந்து பிடுங்கியெறிய உத்தரவு போட்டார். அது தெற்கே போய் போஜொலேயின் கருங்கல் மண்ணில் நன்றாக ஊன்றிக்கொண்டது. அங்கே தனிப் பெயர் பெற்ற பத்து கிராமப் பகுதிகள் உண்டு. மோர்கோன், ஃப்ளூரி, மூலான்-ஆ-வோன் ஆகியவை அவற்றில் சில. சாதாரண போஜொலே குடித்துவிட்டுக் கமேயை எடைபோடாதீர்கள், இந்தப் பத்தில் ஒன்றைக் குடித்துவிட்டுச் சொல்லுங்கள். அடுத்த அடி சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவில் விளையும் நெரெல்லோ மஸ்கலேசே. நிறம் வெளிர், வாசனை மென்மை, ஆனால் துவர்ப்பு ஒரு படி கூட. அதற்கும் அடுத்ததுதான் வட கிரேக்கத்தின் க்ஸினோமாவ்ரோ. புளிப்பும் துவர்ப்பும் இரண்டுமே உச்சம். காய்ந்த தக்காளி, ஆலிவ் வாசனை வரும். முதல் நாளே இதைத் திறந்தால் பலருக்குக் கசக்கும். கமே, நெரெல்லோ வழியாக வந்தவர்களுக்கு இது பெரிய பரிசு.

மெர்லோ பிடித்தவர்கள் தங்களை அறியாமலேயே ஓர் அரிய ரகத்தைக் குடித்திருக்கலாம். சிலி நாட்டில் மெர்லோ என்று நம்பி வளர்த்த கொடிகளில் கணிசமானவை வேறொரு ரகம் என்று 1994 நவம்பரில் தெரியவந்தது. ழான்-மிஷெல் பூர்சிக்கோ என்ற பிரெஞ்சுத் திராட்சை வல்லுநர் தோட்டத்தில் நடந்து போகும்போது, பூத்திருந்த கொடிகளின் மகரந்தக் காம்புகள் முறுக்கிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். மெர்லோவில் அப்படி இருக்காது. அவை பிரான்ஸின் போர்தோ பகுதியிலிருந்து சிலிக்கு வந்து சேர்ந்த, போர்தோவிலேயே ஏறக்குறைய மறந்துபோன கார்மெனேர். பழுக்காவிட்டால் குடைமிளகாய் வாசனை தூக்கும். நன்றாகப் பழுத்தால் மென்மையான துவர்ப்பும், மசாலா சாயலும் வரும். மெர்லோவிலிருந்து இதைவிடச் சுலபமான அடி கிடையாது.

கபர்னே சொவின்யோன், ஷிராஸ் பக்கத்தவர்களுக்கு ஜார்ஜியாவின் சபெராவி. பெரும்பாலான கறுப்புத் திராட்சையை நசுக்கினால் நிறமற்ற சாறுதான் வரும், நிறம் தோலில் இருக்கும். சபெராவியில் சதையே சிவப்பு, ஒயின் மை போலக் கறுத்திருக்கும். அதன் பிறகு தெற்கு இத்தாலியின் அல்யானிகோ, கடைசியாகத் தனா. தனா பிரான்ஸின் மதிரான் பகுதியில் பிறந்து உருகுவேயின் அடையாளமாகிப் போன ரகம். டானினில் இதை மிஞ்சுவது கடினம்.

படி 3: லேபிளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஐரோப்பிய பாட்டில்கள் பலவற்றில் திராட்சையின் பெயரே இருக்காது, ஊர்ப் பெயர்தான் இருக்கும். மஸ்கடே என்றால் மெலோன் தெ பூர்கோன்யு, வூவ்ரே என்றால் ஷெனின் பிளாங், தௌராசி என்றால் அல்யானிகோ, நாவுஸா என்றால் க்ஸினோமாவ்ரோ, பியெர்ஸோ சிவப்பு என்றால் மென்சியா. தேடப் போகும் ரகத்தின் ஊர்களை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டால் கடையில் நின்று முழிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது சிக்கல், ஒரே திராட்சைக்குப் பல பெயர். ஆஸ்திரியாவின் பிளாவ்ஃப்ரெங்கிஷ்தான் ஜெர்மனியில் லெம்பெர்கர், ஹங்கேரியில் கேக்ஃப்ராங்கோஷ். ஸ்பெயினின் மென்சியா போர்ச்சுகலில் ழயென். கலிஃபோர்னியாவின் ஸின்ஃபான்டெலும் இத்தாலியின் ப்ரிமிதிவோவும் ஒன்றுதான். அவற்றின் பூர்வீகம் குரோவேஷியக் கடற்கரை என்பதை 2001-இல் மரபணுச் சோதனை காட்டியது. ஆகவே உங்களுக்கு ஸின்ஃபான்டெல் பிடிக்கும் என்றால் ப்ரிமிதிவோவைப் புது ரகமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள், குரோவேஷியாவின் ப்ளாவாட்ஸ் மாலியைச் சேருங்கள். அது ஸின்ஃபான்டெலின் பிள்ளை.

தலைகீழாகவும் நடக்கும். வெல்ஷ்ரீஸ்லிங் என்ற பெயரில் ரீஸ்லிங் இருக்கிறதே தவிர, இரண்டுக்கும் உறவில்லை. ஆஸ்திரேலியாவில் அல்பரின்யோ என்று நட்டு விற்ற கொடிகள் உண்மையில் சவன்யான் என்று 2009 வாக்கில் உறுதியானபோது லேபிள்களையே மாற்ற வேண்டியிருந்தது.

அறுவடை ஆண்டையும் பாருங்கள். லேசான வெள்ளைகளை அறுவடையிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுக்குள் குடிப்பது நல்லது. அசிர்டிகோ, ஃபுர்மின்ட், ஷெனின் போன்று புளிப்பு மிகுந்தவை நிறைய நாள் தாங்கும். அல்யானிகோ, தனா, க்ஸினோமாவ்ரோவுக்கு ஐந்து வயதாவது ஆகியிருந்தால் நல்லது.

படி 4: எப்போதும் இரண்டு கிளாஸ்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். புது ஒயினைத் தனியாகக் குடிக்காதீர்கள், பக்கத்தில் பழகிய ஒயினை வையுங்கள். தனியாகக் குடித்தால் "நல்லாயிருக்கு", "சுமார்" என்பதற்கு மேல் மனதில் ஒன்றும் நிற்காது. பக்கத்தில் ஒன்று இருந்தால் வித்தியாசம் தானாகக் கண்ணில் படும்.

ஒரே மாதிரியான இரண்டு கிளாஸ்களில், மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக ஊற்றுங்கள். இடது பக்கம் சொவின்யோன் பிளாங், வலது பக்கம் க்ரூனர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் இரண்டையும் மாறி மாறி முகருங்கள், குடிக்க வேண்டாம். இடதில் நறுக்கின புல், நெல்லிக்காய் வாசனை முன்னால் பாயும். வலது முதலில் அமைதியாக இருக்கும். கிளாஸைச் சுழற்றி மறுபடி முகர்ந்தால் பச்சை ஆப்பிள், அதன் பின்னால் மிளகு. பிறகு இடது, வலது, மறுபடி இடது என்று சுவையுங்கள். மூன்றாம் வாய் முக்கியம்: பழகிய ஒயினே இப்போது வேறு மாதிரி தெரியும். க்ரூனருக்குப் பிறகு சொவின்யோன் பிளாங் பலருக்குச் சற்றுச் சத்தமாகத் தோன்றும். சிலருக்கோ அதுதான் இன்னும் பிடித்துப்போகும். இரண்டுமே சரியான பதில்.

கால் மணி நேரம் கழித்து மறுபடி சுவையுங்கள். சில ரகங்கள் காற்றுப் பட்ட பிறகுதான் வாய் திறக்கும். துவர்ப்பு மிகுந்த சிவப்புகளை வாய் அகன்ற ஜாடிக்கு மாற்றி ஒரு மணி நேரம் விட்டால் இன்னும் இணக்கமாகும்.

750 மில்லி பாட்டிலில் 50 மில்லி வீதம் 15 கிளாஸ் வரும். நான்கைந்து பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்தால், ஒருவரும் அதிகம் குடிக்காமல் நிறைய ரகங்களைப் பார்த்துவிடலாம். ருசி பார்க்கும்போது துப்புவது தொழில்முறைக்காரர்கள் எல்லோரும் செய்வது, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மூன்றாம் கிளாஸுக்குப் பிறகு நாக்கும் மூக்கும் சொல்வதை நம்ப முடியாது. வண்டி ஓட்டப் போகிறவர் துப்பினாலும் ஓட்டக் கூடாது என்பது என் கறாரான கருத்து.

படி 5: சூட்டைச் சரிசெய்யுங்கள்

லேசான வெள்ளைக்கு 7 முதல் 10 டிகிரி செல்சியஸ், கனமான வெள்ளைக்கு 10 முதல் 13, கமே போன்ற லேசான சிவப்புக்கு 12 முதல் 14, கனமான சிவப்புக்கு 16 முதல் 18. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் அரிய வெள்ளைகளின் வாசனை முழுக்க அடைபட்டுக் கிடக்கும், ஒரு பதினைந்து நிமிடம் வெளியே வைத்து ஊற்றுங்கள். சிவப்பு ரொம்பக் குளிர்ந்தால் துவர்ப்பு முறுகும், ரொம்பச் சூடானால் ஆல்கஹால் மூக்கில் ஏறும். வெப்பமான அறை என்றால் சிவப்பையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள்.

படி 6: கெட்டுப்போனதா, அதன் சுபாவமே அப்படியா?

அரிய ஒயின்களில் பலரும் தடுமாறும் இடம் இது. நனைந்த அட்டைப்பெட்டி, பூஞ்சை பிடித்த மூலை போல வாசனை வந்தால் தக்கை கெட்டது, கொண்டுபோய் மாற்றிக் கேளுங்கள். நகப்பூச்சு நீக்கி வாசனை தூக்கலாக வந்தாலும் அது குறைதான். தக்கையிலோ அடியிலோ கண்ணாடித் தூள் மாதிரிப் படிகங்கள் இருந்தால் பயப்பட வேண்டாம், அது குளிரில் உறைந்த டார்டாரிக் அமிலத்தின் உப்பு.

வேறு சில ஒயின்கள் முதல் பார்வையில் கெட்டவை போலத் தோன்றும், ஆனால் வேண்டுமென்றே அப்படிச் செய்யப்படுபவை. ஜார்ஜியாவில் ர்காட்ஸிடெலி போன்ற வெள்ளைத் திராட்சையைத் தோலோடும் விதையோடும் சேர்த்து, தரையில் கழுத்துவரை புதைத்த க்வெவ்ரி என்ற மண்சாடியில் நொதிக்க விட்டு, பல மாதம் அப்படியே வைத்திருப்பார்கள். ஒயின் தேன் நிறத்துக்கு வரும், வெள்ளையில் இல்லாத துவர்ப்பும் வரும். இந்த முறையை யுனெஸ்கோ 2013-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இதைக் குளிர்ந்த வெள்ளை மாதிரி எதிர்பார்த்துக் குடித்தால் ஏமாற்றம்தான். 14 டிகிரியில், ஒரு லேசான சிவப்பாக நினைத்துக் குடியுங்கள்.

பிரான்ஸின் ழூரா பகுதியில் சவன்யான் திராட்சையிலிருந்து செய்யும் மஞ்சள் ஒயின் இன்னொன்று. பீப்பாயில் குறையும் ஒயினை மீண்டும் நிரப்பாமல் விடுவார்கள், அதன் மேல் ஈஸ்ட் ஒரு படலமாகப் படரும். குறைந்தது 6 ஆண்டு 3 மாதம் காத்திருந்த பிறகே 62 சென்டிலிட்டர் பாட்டிலில் அடைப்பார்கள். வால்நட் பருப்பும் வெந்தயமும் கலந்த வாசனை. உங்கள் பட்டியலில் இதைக் கடைசியில் வையுங்கள், ஆனால் கட்டாயம் வையுங்கள்.

படி 7: சாப்பாட்டோடு

இங்கே விதிகள் கொஞ்சம்தான். புளிப்பான ஒயின் எண்ணெய்ப் பதார்த்தத்தின் கொழுப்பை அறுக்கும், மீனோடும் நன்றாகப் போகும். துவர்ப்பான ஒயினுக்கு இறைச்சியோ முதிர்ந்த சீஸோ வேண்டும். காரம், ஆல்கஹாலின் எரிச்சலையும் துவர்ப்பையும் ஏற்றிவிடும். அதனால் காரமான சாப்பாட்டோடு தனாவை எடுக்காதீர்கள், லேசான இனிப்புள்ள ஷெனினை எடுங்கள்.

படி 8: ஒரு நிலத்தில் தங்குங்கள்

பத்துப் பன்னிரண்டு ரகங்கள் பார்த்த பிறகு, நாட்டுக்கு ஒன்றாகத் தாவுவதை நிறுத்திவிட்டு ஒரே இடத்தில் ஆழமாக இறங்குங்கள். ஒரே ரகத்தை இரண்டு தயாரிப்பாளர்களிடமிருந்தாவது குடிக்காமல் அதைப் பற்றி முடிவுக்கு வர வேண்டாம். ஒயின் செய்தவரின் கைப்பழக்கம் எது, திராட்சையின் குணம் எது என்பது அப்போதுதான் பிரிந்து தெரியும்.

என்னைக் கேட்டால் போர்ச்சுகலைச் சொல்வேன். 250-க்கும் மேற்பட்ட சொந்த ரகங்கள், வேறெங்கும் அதிகம் பரவாதவை. எலுமிச்சைப் புளிப்புள்ள அரிந்தோவில் தொடங்கி, தௌன் பகுதியின் கனமான வெள்ளையான என்க்ருஸாதோவுக்குப் போங்கள். அதே தௌனின் ழயென் லேசான சிவப்பு, அதன் பக்கத்திலேயே நல்ல நிறமும் பூவாசனையும் கொண்ட தௌரிகா நஸியொனால். கடைசியில் பைராடாவின் பாகா: புளிப்பும் துவர்ப்பும் கூடிய, இளமையில் முரட்டுத்தனமான, வயதானால் கனிந்துபோகிற திராட்சை. அதில் ஒரு பாட்டிலை இப்போதே திறந்து குறிப்பு எழுதுங்கள், அதே ஆண்டின் இன்னொரு பாட்டிலை இருட்டான, குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்துப் பத்து ஆண்டு விட்டுவையுங்கள்.